இடக்கையால் எறிந்த பிள்ளை

அவன் சோறு தின்னும் கை வலக்கை. அது நான் பழக்கியது. எறியும் கை இடக்கை. அதை ஒருவரும் பழக்கவில்லை.

அவன் என் தங்கையின் மகன். தங்கை சிறுநீரக வருத்தத்தில் செத்துப்போனாள். தகப்பன் அதற்கு முந்தியே வன்னியில் வேறு குடும்பமாகிவிட்டார். நான் கலியாணம் செய்யாதவள். நாரந்தனையில் தாய் தகப்பன் விட்ட வளவும், கொஞ்சம் தோட்டக் காணியும், நாலைந்து மாடும் எனக்கு இருந்தன. பிள்ளையை எங்கேயாவது விடுதியில் சேர்த்துவிடு, வயது போன நேரத்தில் உனக்கேன் இந்தக் கரைச்சல் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். என் வீட்டுப் பிள்ளை என் வீட்டில் வளரும் என்றேன். அதன்பிறகு அந்தக் கதையை ஒருவரும் என்னிடம் எடுக்கவில்லை.

சின்னனில் அவன் எறியாத பொருள் இல்லை. கல்லை எறிவான், பனங்கொட்டையை எறிவான், குரும்பட்டியை எறிவான். பக்கத்து வளவுக்காரி ஒருநாள் படலையடியில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்கட பெடியன் என்ர கோழிக்கு எறிஞ்சு போட்டான்."

"பட்டதோ?"

"படேல்லை. கோழி நிண்ட கட்டையில பட்டு, கட்டை விழுந்து போச்சு."

"அப்ப அவன் கட்டைக்குத்தான் எறிஞ்சிருக்கிறான். கோழிக்கு எறிஞ்சிருந்தா கோழியிலதான் பட்டிருக்கும்" என்றேன்.

வெளியாருக்கு முன்னால் நான் அவனை விட்டுக்கொடுத்துக் கதைத்ததில்லை. அவள் போனபிறகு பூவரசந் தடியால் காலில் இரண்டு போட்டேன். அது வீட்டுக்குள் நடக்கிற காரியம்.

பள்ளிக்கூடத்தில் முதலில் எல்லேதான் விளையாடினான். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விளையாட்டு வாத்தியார் மாற்றலாகி வந்தார். இளம் ஆள். அவர்தான் பேஸ்போல் என்கிற விளையாட்டைக் கொண்டுவந்தார். அதிலும் தடியும் பந்தும் ஓட்டமும்தான். ஆனால் எல்லேயில் பந்து போடுகிறவன் அடிக்கிறவனுடைய ஆள்; அடிக்கத் தோதாகப் போட்டுக் கொடுப்பான். இதில் எறிகிறவன் எதிரி. அடிக்க விடாமல் எறிய வேண்டும். எறிகிற பந்தை அடிக்கிறவனுக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருந்து பிடிப்பான். இவ்வளவும் எனக்கு விளங்க ஒரு வருசம் எடுத்தது.

வாத்தியார் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை எடுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"அம்மா, பெடியனை எனக்குத் தாங்கோ."

"எங்க கொண்டுபோகப் போறியள்?"

"ஒரு இடமும் இல்லை. பள்ளிக்கூடம் முடிய ஒரு கொஞ்ச நேரம், பள்ளிக்கூட வளவுக்கதான். இவனைப் போல இடக்கையால எறியிறவன் கிடைக்கிறது கஷ்டம்."

"அப்ப என்ர மாட்டுக்கு ஆர் புல்லு வெட்டுறது?"

"நான் வந்து வெட்டித் தாறன், அம்மா."

சொன்னபடி ஒருநாள் வந்து வெட்டவும் செய்தார். புல்லை விடத் தன் விரலைத்தான் அதிகம் வெட்டினார். சீலைத் துண்டு கிழித்துக் கட்டிவிட்டு, இனி நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ, அவன் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பந்து பிடிக்கிறவன் கரைப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பெடியன். தகப்பன் கடலுக்குப் போகிறவர். கட்டையாய், அகலமாய், கல்லுப் போல இருப்பான். குந்தினான் என்றால் நாள் முழுக்கக் குந்தியிருப்பான். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் எங்கள் வளவுக்கு வந்துவிடுவான். கிணற்றடியில் இவன் நிற்பான், மாட்டுக் கொட்டிலடியில் அவன் குந்தியிருப்பான். பந்து கையுறைக்குள் விழுகிற சத்தத்துக்கு முதல் சில நாள் மாடுகள் மிரண்டு பால் குறைந்தது. பிறகு அவையும் பழகிவிட்டன.

என் தம்பி பிரான்சில் இருக்கிறான். மருமகனுக்கு என்று ஒரு கையுறை அனுப்பினான். ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் இருந்ததெல்லாம் வலக்கையால் எறிகிறவர்கள் இடக்கையில் மாட்டுவதற்கானவை. இவன் அதை மாறிப் போட்டுக்கொண்டு, பெருவிரல் சின்னவிரலின் இடத்தில் இருக்க, விளையாடிக்கொண்டிருந்தான். பொதி வந்தது. பிரித்துப் பார்த்தால் அதுவும் இடக்கையில் மாட்டுகிற உறை.

"இடக்கைக்காரனுக்கு எண்டு வடிவாச் சொல்லித்தானே வாங்கினனான்" என்றான் தம்பி தொலைபேசியில்.

"மாமா, உறையை இடக்கையில மாட்டினா நான் என்ன காலாலையோ எறியிறது?"

"எறிஞ்சு பாரன். ஆரும் செய்யாததாய் இருக்கும்."

தொலைபேசியைச் சுற்றி நின்று எல்லாரும் சிரித்தோம். வாற முறை நானே சரியானதைக் கையோடு கொண்டு வாறன் என்றான் தம்பி.

அந்த வருசம் எங்கள் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களை வென்றது. நான் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வந்த பிள்ளைகள் றோட்டால் சத்தம் போட்டுக்கொண்டு போனதைக் கேட்டேன். அன்றைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தாராம். கொழும்பில் ஒரு பெரிய கல்லூரியில் பேஸ்போல் பழக்குகிறவர், சிங்கள ஆள். வாத்தியார் அடுத்த நாளே என்னிடம் ஓடிவந்தார்.

"அம்மா, அவைக்கு இடக்கையால எறியிறவன் ஒருத்தன் வேணும். சாதாரண தரச் சோதினை முடியக் கொண்டுபோய், விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவையே பாப்பினம். தமிழிலயே படிக்கலாம். பேந்து கம்பனி வேலையும் விளையாட்டை வைச்சே வரும். அவர் வாற வருசம் திரும்பி வந்து எறிய விட்டுப் பாத்துத்தான் முடிவு சொல்லுவார். ஆனா கண் வைச்சிட்டார்."

அன்றைக்கு நான் அடுப்படியில் இருந்து யோசித்தேன். அவன் படிப்பில் கெட்டிக்காரன் இல்லை. நான் கண்ணை மூடினால் இந்த வளவையும் மாட்டையும் தவிர அவனுக்கு ஒன்றும் இல்லை. மாமன் கூப்பிட்டால் ஏஜென்சிக்காரனோடு காடு கடல் தாண்டிப் போக வேண்டும். அப்படிப் போய் வந்து சேராத பிள்ளைகளின் தாய்மாரை எனக்குத் தெரியும். கொழும்பு என்றால் இரவு பஸ் ஏறினால் விடிய வந்துவிடலாம். அவன் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். என் ஆயுசில் நான் அவ்வளவு ஆசைப்பட்ட காரியம் வேறொன்றும் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சாதாரண தரம் எடுக்கிற வருசம், யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டி. இவன் எறிந்த பந்து அடிக்க நின்ற பெடியனின் முகத்தில் பட்டுவிட்டது. பந்து கொஞ்சம் உள்ளே திரும்பியதாம், அந்தப் பெடியன் விலகவில்லையாம். தாடை உடைந்து, முன்பல்லும் போய்விட்டது. நான் அவனைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனோம். அந்தப் பிள்ளைக்கு வாயைத் திறக்க ஏலாது என்பது போன பிறகுதான் உறைத்தது.

அந்தப் பிள்ளையின் தாய் நல்ல மனுசி. சண்டைக்கு வருவாள் என்று நான் மறுமொழியெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு போனேன். அவள் இவனுடைய தலையைத் தடவி, "வேணுமெண்டே எறிஞ்சனீர், தம்பி? விளையாட்டுத்தானே. நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டாள். அவள் ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் இவன் தாங்கியிருப்பான்.

அதற்குப் பிறகு அவனுக்கு எறிய வரவில்லை. பந்து கையை விட்டுப் போகிற நேரத்தில் கை விலகிவிடும். தடி பிடித்து ஒருவன் நின்றால், அவனுக்கு எட்டாத தூரத்தில்தான் பந்து போகும். எங்கள் வளவில் பந்து பிடிக்கிறவன் நாகதாளிப் பற்றைக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் பந்து எடுத்தே களைத்துப்போனான்.

"டேய், எனக்கு எறியிறியோ இல்லாட்டி நயினாதீவுக்கு எறியிறியோ?" என்று கேட்பான். இவன் சிரிக்கமாட்டான்.

வாத்தியார் தோளைப் பிடித்துப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். "கையில ஒரு பிழையும் இல்லை, அம்மா. மனம்தான்" என்றார். நான் திருநீறு போட்டேன், நூல் கட்டினேன். கரைப் பக்கத்துப் பெடியனின் தாய் மீன் கொண்டுவருகிற சாட்டில் வந்து நிலைமையைப் பார்த்தாள்.

"அக்கா, உங்கட முருகன் நித்திரை போல கிடக்கு. நான் எங்கட அந்தோனியாரை ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டே?"

"கேளும். ஆனா முருகனுக்குக் கேக்காமல் கேளும்" என்றேன். மெழுகுதிரி கொளுத்தினாள். அதுவும் சரிவரவில்லை.

கொழும்புப் பயிற்சியாளர் ஆவணியில் வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் முருகன் கோயில் திருவிழாவும் அந்த நேரம்தான், அதற்கு முதல் கிழமை. கொடியேற முன்னம் ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, அவன் எனக்குப் பின்னால் வந்து நின்று சொன்னான்.

"அம்மான்ர நேத்தி கிடக்கு, பெரியம்மா."

எனக்குத் தெரியும். மறந்திருக்கவில்லை. அவன் கைக்குழந்தையாய் இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்து, கண் மேலே சொருகி, நாங்கள் பிள்ளை போய்விட்டது என்றே நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் வரும்வரைக்கும் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். என் காதுபடத்தான் சொன்னாள்: "பதினாறு முடிய முன்னம் என்ர பிள்ளை உன்ர வாசல்ல செடில் காவடி ஆடுவான்." முதுகுத் தோலில் முள்ளுகள் ஏற்றி, முள்ளில் கட்டிய கயிறுகளைப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, முன்னால் ஆடிக்கொண்டு வீதி சுற்றுகிற காவடி அது. சாகிற காலத்தில் அதை மகனுக்கும் சொல்லியிருக்கிறாள்.

"வாற வருசம் எடன். கொழும்புக்காரர் வந்திட்டுப் போகட்டும்" என்றேன்.

"வாற வருசம் பதினேழு."

"முருகன் என்ன, பிறந்த பத்திரம் பாக்கிறவரே?"

"அம்மா பாத்துக்கொண்டிருப்பா" என்றான்.

எங்கள் குடும்பத்தில் நேர்த்தி வைத்து நிறைவேற்றாமல் விட்டவர்கள் இல்லை. வாத்தியார்தான் வந்து கத்தினார்.

"முதுகில முள்ளு ஏத்திப்போட்டு அவன் எப்பிடி, அம்மா, எறியிறது?"

"சேர், இந்த ஊரில எத்தினை பேர் இண்டைக்குச் செடில் குத்தி நாளைக்குத் தோட்டம் கொத்தினவை. திருநீறு போட்டா அடுத்த நாள் அடையாளமும் தெரியாது."

அது பொய் இல்லை. நான் பார்த்து வளர்ந்தது அப்படித்தான். செடிலுக்கு இரத்தமும் வராது என்பார்கள். வந்து நானும் கண்டதில்லை.

திருவிழாவுக்குத் தம்பி பிரான்சிலிருந்து வந்தான். சரியான கையுறையைக் கொண்டுவந்திருந்தான். மருமகன் காவடி எடுக்கிறான் என்று கேட்டவுடன் சால்வையை உதறி இடுப்பில் கட்டினான். கயிறு பிடிப்பதற்குப் புளியங்கூடலில் ஒரு வயதான ஆள் இருக்கிறார். எத்தனையோ காவடிக்குப் பிடித்தவர். கயிறு எவ்வளவு இழுபட வேண்டும், எந்த இடத்தில் தளர்த்த வேண்டும் என்று அவருக்குக் கை அறியும். அவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஆயத்தமாய் வந்தார். ஆனால் மாமன் நிற்கிறபோது வேறொருவர் பிடிக்கிறது முறையில்லை. தாயின் நேர்த்திக்குத் தாயோடு பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும்.

அந்த மனிசன் ஒருதரம் மட்டும் சொன்னார். "தம்பி, நான் பக்கத்தில வாறன். கை மாத்த வேணும் எண்டாத் தாரும்."

"வேண்டாம் அண்ணை. இது என்ர உரித்து."

அவர் துப்பிவிட்டுத் தள்ளி நின்றார்.

மேளம் தொடங்கியது. அவன் ஆடினான். அவனுக்கு அப்படி ஆடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடிக்காமல், முகம் தெளிந்து இருந்தது. செத்துப்போன தன் அக்காவுக்காகத் தம்பி பின்னால் அழுதுகொண்டு வந்தான். அக்காவின்ர பிள்ளை, அக்காவின்ர பிள்ளை என்று வாயால் சொல்லிக்கொண்டு, உடம்புப் பாரம் முழுவதையும் கயிற்றில் போட்டுத் தொங்கினான். வருசக்கணக்காய் ஊருக்கு வராதவனுடைய அழுகை அது. பின்வீதியில், வெயில் ஏறி மணல் சுட்ட நேரத்தில், மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார்கள். பிள்ளை முன்னால் துள்ளினான். தம்பி பின்னால் சாய்ந்தான். இடப்பக்கத் தோள்பட்டைக்குக் கீழே இருந்த முள்ளுகளில் ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது.

இரத்தம் வேட்டிக்கு இறங்கியது. பக்கத்தில் வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செடிலில் இரத்தம் வந்தால் விரதத்தில் குறை என்று கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருத்தியாவது வாய் திறக்கட்டும் என்று நான் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்தேன். ஒருவரும் திறக்கவில்லை. கண்ணீரோடு வந்த தம்பிக்கு அது தெரியவே இல்லை. பிள்ளை நிற்கவும் இல்லை. வாசல் வரைக்கும் ஆடி முடித்தான். ஐயர் திருநீறு அள்ளிப் பூசினார்.

வீட்டுக்கு வந்து சீலைத் துண்டு வைத்துக் கட்டினபோது அவன் சொன்னான்: "மாமாவுக்குச் சொல்லாதேங்கோ, பெரியம்மா. பேந்து அந்தாள் ஊர்ப்பக்கமே வராது." தம்பி அன்றிரவே திரும்பிப் போய்விட்டான். போகும்போதும் காவடியைத்தான் கதைத்துக்கொண்டு போனான்.

அடுத்த நாள் பின்னேரம் கரைப் பக்கத்துப் பெடியன் வந்தான். எறியாதே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவன் கிணற்றடிக்குப் போய்விட்டான். வாத்தியாரும் வந்திருந்தார். அவரையே தடியோடு நிற்கச் சொன்னான். நான் பால் வாளியோடு நின்றேன். முதல் பந்து வாத்தியாரின் நெஞ்சுக்கு முன்னால் போய்க் கையுறைக்குள் விழுந்தது. நாங்கள் கேட்டுக் கனகாலமான சத்தம். இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அப்படியே. கை விலகவில்லை. கரைப் பக்கத்துப் பெடியன் குந்தியிருந்த இடத்திலேயே பின்னால் விழுந்து சிரித்தான்.

"டேய், உங்கட முருகன் எழும்பிட்டார்."

வாத்தியார் தடியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என் தங்கை எங்கே இருந்தாலும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அவன் எங்கள் பக்கம் வரவில்லை. கிணற்றுக் கட்டோடு சாய்ந்து முதுகை மறைத்துக்கொண்டு நின்றான். நான் போய் அவன் போட்டிருந்த சேட்டைக் கழற்றிப் பார்த்தபோது காயம் வாய் திறந்து இருந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். டொக்டர் ஒரு பெண்பிள்ளை, சின்ன வயது. "தையல் பிரிக்கிற வரைக்கும் இந்தக் கையைத் தலைக்கு மேல தூக்கக்கூடாது, அம்மா. உள்ளுக்கும் கிழிஞ்சிருக்கு. இதில கவனமில்லாட்டிப் பேந்து இழுத்துப் பிடிக்கும்" என்று எனக்கு இரண்டு முறை சொன்னாள். வாத்தியார் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, வேறொரு நாள் தர ஏலுமோ என்று கேட்டார். அவர்கள் வடக்குக்கு வருவது அந்த ஒரே நாள்தானாம்.

"போகாதே" என்றேன்.

"எனக்கு எறிய வருகுது, பெரியம்மா. இப்பதான் வருகுது. இப்ப போகாமல் எப்ப போறது?"

போனோம். நானும் கரைப் பக்கத்துப் பெடியனின் தாயும் மைதானத்தின் ஓரத்தில் வேப்ப மரத்துக்குக் கீழே இருந்தோம். அவளுடைய மகன் தனக்கு ஒன்றும் கேட்டுப் போகவில்லை. இவன் எறிகிறதைப் பிடிக்க வேறு ஒருவரையும் விடமாட்டேன் என்று வந்தவன். எங்கள் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். மண் மேட்டில் ஏறி நின்றான். நான் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த விளையாட்டு முழுக்கத் தெரியாது. ஆனால் ஆட்களின் முகம் தெரியும். பயிற்சியாளர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சில பந்துகளுக்குப் பிறகு கையை எடுத்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டார். வேகம் பார்க்கிற கருவியை அவர் தூக்கிப் பிடித்தார். அடிக்க வந்த பெடியன்கள் ஒவ்வொருவராய்த் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். பந்து அவர்களுடைய நெஞ்சுக்கு முன்னால்தான் போனது. ஒருவருக்கும் படவும் இல்லை. வாத்தியார் எங்கள் பக்கம் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார்.

"அக்கா, எடுத்திட்டாங்கள்" என்று என் கையைப் பிடித்தாள் அவள்.

அப்போதுதான் வெள்ளைச் சேட்டில் சிவப்பு ஊறி வந்தது. முதலில் ஒரு சதக்குற்றிக் காசு அளவு. அவன் அடுத்த பந்தை எறிந்தான். சிவப்பு, வெற்றிலை மென்று துப்பினது போல விரிந்தது. பயிற்சியாளர் நடந்து போய் அவனைத் திருப்பி, சேட்டைத் தூக்கிப் பார்த்தார். நான் எழும்பிப் போனேன்.

"அம்மா, இது யார் செஞ்சது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஒருத்தரும் செய்யேல்லை, சேர். கோயிலுக்குக் குடுத்தது."

அவர் என்னைக் கோபத்தோடு பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஒரு சொல்லுச் சொல்லியிருப்பேன். அவர் கையில் ஒரு வெள்ளை நூல் கட்டியிருந்தது, எங்களுடையதைப் போலவே. தலையை ஆட்டினார்.

"நானும் கோயில் போறது, அம்மா. ஆனா இந்தக் கை இப்ப எறிஞ்சா முடிஞ்சிடும்."

"இன்னும் ரெண்டு பந்து, சேர்" என்றான் பிள்ளை.

"வேணாம் மகன். பந்தைத் தா."

அவன் கொடுக்கவில்லை. பயிற்சியாளர் அவன் விரல்களை ஒவ்வொன்றாய் விரித்து எடுத்தார். அதைத்தான் என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது.

ஆறட்டும், பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த முறைக்கு அவர்கள் பிள்ளைகளை எடுத்து முடிக்க வேண்டும். காயம் ஆறக் கனநாள் எடுத்தது. ஆறின பிறகு தோல் இறுகி உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது. சட்டை மாட்டலாம், புல்லு வெட்டலாம், சைக்கிள் ஓடலாம். கை காதுக்கு மேலே போகாது.

அந்தக் கல்லூரி கரைப் பக்கத்துப் பெடியனை எடுத்தது. எறிகிறவனைப் பார்க்க வந்தவர்கள், பிடித்தவனையும் பார்த்திருக்கிறார்கள்.

அவன் தாய் எங்கள் படலையடியில் வந்து நின்றாள். எப்போதும் நேரே குசினிக்கு வருகிறவள். கையில் மீன் இல்லை.

"ஏன் அங்க நிக்கிறீர்? வந்து இரும்" என்றேன்.

"அக்கா, நாங்கள் கேக்கேல்லை. கேட்டுப் போகவே இல்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

"கேட்டு வாறதே எல்லாம்? அவன்ர கெட்டித்தனத்துக்குக் கிடைச்சது. நீர் ஏன் களவெடுத்த மாதிரி நிக்கிறீர்?"

அவள் இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவன் போகமாட்டன் எண்டு நிக்கிறான், அக்கா. உங்கட பிள்ளை போகாத இடத்துக்குத் தான் போறேல்லையாம். தகப்பன் அடிச்சும் பாத்திட்டார். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

நான் சொல்ல வேண்டி வரவில்லை. அறைக்குள் இருந்த எங்கள் பிள்ளை கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பொழுதுபட இரண்டு பேருமாய் வந்து மாட்டுக் கொட்டிலடியில் நின்றார்கள். நான் வைக்கோல் எடுக்கப் போனபோது காதில் விழுந்தது.

"போடா விசரா. என்ர பந்து பிடிச்சுப் பிடிச்சுத்தானே உன்ர கை இப்பிடி வீங்கினது. சும்மா வீங்கிக் கிடக்கட்டும் எண்டே?"

"அங்க ஆரடா எனக்கு எறியப் போறான்?"

"எவனாவது எறிவான். என்னளவுக்கு எறியமாட்டான். நீ பேசாமல் பிடி."

மற்றவன் அழுதான். எங்கள் பிள்ளை அழவில்லை. தோளில் தட்டினான், வலக்கையால்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டதும் அவன்தான். வந்து, உடுப்பு மாற்றிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைத்தான். நான் கிணற்றுக் கட்டில் இருந்தேன். அவனாகவே சொன்னான்.

"அம்மான்ர கடனை முடிச்சிட்டன், பெரியம்மா. எனக்கு அதில ஒரு குறையும் இல்லை. நீங்கள் மனசில வைச்சிருக்காதேங்கோ."

இப்போது அவன் வேலணையில் ஒரு ஒட்டு வேலைக் கடையில் நிற்கிறான். இரும்பு வேலை. உயரத்தில் ஒட்ட வேண்டியதை மற்றப் பெடியன்கள் செய்கிறார்கள். முதலாளி நல்லவர். கொழும்பிலிருந்து மற்றவன் கிழமைக்கு ஒருக்கால் கதைப்பான். இரண்டு பேரும் சிரிப்பது வெளியில் கேட்கும். தம்பி தொலைபேசி எடுத்தால் காவடியைத்தான் கதைக்கிறான். பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முருகனோடு எனக்குக் கோபம் இல்லை. அவர் பிள்ளையின் உயிரைத் தந்தார், எறிகிற தைரியத்தையும் திருப்பித் தந்தார், தனக்குச் சொன்னதை வாங்கினார். தம்பியோடும் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தங்கையின் படத்துக்குப் பூ வைக்கிறபோது அவளோடுதான் கொஞ்சம் சண்டை கொளுவுகிறேன். வேறு ஒருவரும் கேட்காத நேரத்தில்.

"ஏனடி பதினாறு எண்டு சொன்னனி? பதினெட்டு எண்டு சொல்லியிருந்தா அவர் என்ன மாட்டன் எண்டோ சொல்லியிருப்பார்?"